மலையேறும் மாருதிக்கு ஜெட் மாற்ற வேண்டுமா?

கேள்வி: பூந்தமல்லி கரையான்சாவடியில் இருக்கிறேன். அப்பா 1997-இல் வாங்கிய மாருதி 800, கார்புரேட்டர் வண்டி, இன்றும் ஓடுகிறது. ஊருக்குள் ஒரு தொந்தரவும் கிடையாது. போன மே மாதம் குடும்பத்தோடு ஊட்டி போனோம். பர்லியாறு தாண்டியதுமே இழுவை குறைய ஆரம்பித்தது. நடுவழியில், முன்னால் வண்டிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்த இடத்தில், ஒரேயடியாக நின்றுவிட்டது. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே செய்யாமல் ஸ்டார்ட் ஆனது. குன்னூருக்கு மேல் கரும்புகை. ஊட்டியில் எங்கே நின்றாலும் எஞ்சின் ஆஃப் ஆகிவிடும்.

இந்த வருடமும் போகிறோம். குமணன்சாவடியில் ஒரு மெக்கானிக், “மெயின் ஜெட்ட ஒரு சைஸ் குறைச்சுடலாம் சார்” என்கிறார். இன்னொருவர், “ஜெட்டெல்லாம் வேணாம், டைமிங்க ஏத்திட்டு, மலையில மட்டும் ஏர் ஃபில்டரக் கழட்டிட்டு ஓட்டுங்க” என்கிறார். கூட வரும் மச்சானுடையது புது பி.எஸ்.6 கார். அதற்கு மலைக்கென்றே இ.சி.யு. ரீமேப் செய்து தருவதாக ஒரு கடையில் 20 ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். எதைச் செய்யலாம்? அடுத்த வருடம் இதே 800-இல் லடாக் போகவும் ஆசை இருக்கிறது.

— ஒரு வாசகர், பூந்தமல்லி

பதில்: இவற்றில் எதையும் செய்ய வேண்டாம். ஜெட் அப்படியே இருக்கட்டும், டைமிங்கும் ஏர் ஃபில்டரும் இருந்த இடத்தில் இருக்கட்டும், மச்சானின் 20 ஆயிரம் அவர் பையிலேயே இருக்கட்டும். ஆனால் உங்கள் வண்டிக்கு வேலை உண்டு. அதைப் புறப்படுவதற்கு முன் பூந்தமல்லியிலேயே முடித்துவிடலாம்.

உங்கள் கடிதத்தில் மூன்று தனித்தனி விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. இழுவை குறைந்தது ஒன்று. கரும்புகையும் நின்ற இடத்தில் ஆஃப் ஆவதும் இன்னொன்று. நடுவழியில் நின்று, பிறகு தானாகவே கிளம்பியது மூன்றாவது. மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. எல்லாவற்றையும் ‘மலைன்னா அப்படித்தான்’ என்று ஒரே கணக்கில் எழுதினால்தான் ஜெட்டில் கைவைக்கத் தோன்றும்.

முதலில் இழுவை. பூந்தமல்லி கிட்டத்தட்டக் கடல்மட்டம். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றின் அழுத்தம் இங்கே இருப்பதில் முக்கால் பங்குதான். மே மாதத்தில் நமக்கு 38 டிகிரி, அங்கே 20 டிகிரி என்றால் அந்தக் குளிர் கொஞ்சம் கைகொடுக்கும், குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஒவ்வொரு முறையும் சிலிண்டருக்குள் போகும் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. காற்று எவ்வளவோ அவ்வளவுதான் பெட்ரோல் எரியும். பெட்ரோல் எவ்வளவு எரிகிறதோ அவ்வளவுதான் சக்தி. உங்கள் 796 சி.சி. எஞ்சின் இங்கே சுமார் 37 குதிரைத்திறன் கொடுக்கிறதென்றால் ஊட்டியில் 29, 30-தான் கொடுக்கும். ஐந்து பேரும் மூட்டைகளும் ஏறிய வண்டியில் அது நன்றாகவே தெரியும். இதை எந்த ஸ்க்ரூவாலும் ஜெட்டாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. டர்போ இருக்கும் எஞ்சின் காற்றை அழுத்தி உள்ளே தள்ளி இந்த இழப்பின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். மற்றவர்களுக்குக் கியரைக் குறைப்பது ஒன்றே வழி. ‘ஜெட் மாத்தினா மலையில பிக்கப் வரும்’ என்று யாராவது சொன்னால், ஏற்கெனவே கெட்டிருக்கும் கலவையைச் சரிசெய்வதால் கிடைக்கும் சிறு முன்னேற்றத்தைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார்.

அடுத்தது கரும்புகை. இங்கேதான் எரிபொருள் டியூனிங் வருகிறது, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். கார்புரேட்டருக்கு எடை பார்க்கத் தெரியாது. தன் கழுத்து வழியாகக் காற்று வேகமாகப் போகும்போது உண்டாகும் உறிஞ்சலை வைத்துத்தான் ஜெட்டிலிருந்து பெட்ரோலை இழுக்கிறது. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. உறிஞ்சலும் குறைகிறது, ஆனால் பெட்ரோல் வரத்து அதே அளவுக்குக் குறைவதில்லை. ஒரு படி அரிசிக்கு அளந்த தண்ணீரை முக்கால் படிக்கு ஊற்றினால் சோறு குழைவது போலக் கலவையும் குழைகிறது. மெக்கானிக் பாஷையில் ‘ரிச்’. எவ்வளவு ரிச் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: காற்றின் அடர்த்தி எந்த விகிதத்தில் குறைகிறதோ, அதன் வர்க்கமூலத்தின் அளவுக்குக் கலவை கெடும். ஐந்தில் ஒரு பங்கு காற்று குறையும் ஊட்டியில் இது 11 சதவீதம் வரும். சிறு விமானங்களில் பைலட் கையருகே சிவப்பு நிறத்தில் ஒரு குமிழ் இருப்பது இதற்காகத்தான்; உயரம் ஏற ஏற அதை இழுத்துப் பெட்ரோலைக் குறைத்துக்கொண்டே போவார். உங்கள் காரில் அப்படி ஒன்று இல்லை.

உங்கள் முதல் மெக்கானிக் சொல்வது இந்தக் கணக்குப்படி சரி. 11 சதவீதம் ரிச் என்றால் ஜெட் துளையின் பரப்பை அந்த அளவு குறைக்க வேண்டும். விட்டத்தில் ஐந்து சதவீதம் போல வரும், ஏறக்குறைய ஒரு சைஸ். குன்னூரிலோ கோத்தகிரியிலோ குடியிருப்பவருக்கு அந்தக் காலத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். 1,600 மீட்டரில் இருக்கும் டென்வர் போன்ற ஊர்களுக்காக, உயரப் பகுதிகளில் விற்கும் கார்கள் அந்த உயரத்துக்கேற்ப டியூன் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1977 மாடல் கார்களுக்கே விதி வந்தது. கார்புரேட்டர் காலத்தில் அது நியாயமான விதி.

ஆனால் அவர் கணக்கில் ஒன்று விடுபட்டிருக்கிறது. 1997-இல் உங்கள் கார்புரேட்டருக்கு ஜெட் அளந்தபோது இருந்த பெட்ரோல் இன்று பங்க்கில் கிடையாது. 2030-க்கு என்று வைத்திருந்த 20 சதவீத எத்தனால் இலக்கை அரசு முன்னுக்கு இழுத்து 2025-லேயே எட்டிவிட்டது. இப்போது நீங்கள் போடுவது பெரும்பாலும் இ-20 பெட்ரோல்தான். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. அதனால் இ-20 ஒரு கிலோ எரிய 14.7 அல்ல, சுமார் 13.5 கிலோ காற்றே போதும். பழைய ஜெட்டில் புதுப் பெட்ரோல் ஓடினால் கலவை எட்டு சதவீதம் போல ‘லீன்’ (ரிச்சுக்கு நேர் எதிர்) ஆகிறது. இங்கே எட்டு சதவீதம் லீன், ஊட்டியில் உயரத்தால் 11 சதவீதம் ரிச்: இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சரியாகப் பராமரித்த 800 ஊட்டியில் கிட்டத்தட்டச் சரியான கலவையில் ஓட வேண்டும்! மேலே கரும்புகை தள்ளவே கூடாது.

தள்ளியது என்றால், உங்கள் வண்டி பூந்தமல்லியிலேயே ரிச்சாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஊருக்குள் நின்று நின்று போகும் ஓட்டத்தில் அது தெரியவில்லை, மலை காட்டிக்கொடுத்துவிட்டது.

எங்கே தேடுவது? முதலில் ஏர் ஃபில்டர். மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் மெட்ரோ வேலை நடந்த வருடங்களின் புழுதியை நினைத்தால் பழைய ஃபில்டரைத் தட்டிப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, புதிதாகவே போடுங்கள். அடுத்து, எஞ்சின் சூடானதும் சோக் தகடு முழுதாகத் திறக்கிறதா என்று மூடியைக் கழற்றி வைத்துக் கண்ணால் பாருங்கள். பழைய வண்டிகளில் கேபிள் இறுகி, குமிழ் உள்ளே போயிருந்தாலும் தகடு கால் பங்கு மூடியே இருக்கும். மூன்றாவது ஃப்ளோட் அறை. அங்கே இருக்கும் ஊசி வால்வு தேய்ந்தோ, அதன் ரப்பர் முனை எத்தனாலில் உப்பியோ இருந்தால் பெட்ரோல் மட்டம் ஏறிக் கலவை ரிச் ஆகும். பம்ப்பின் டயாஃப்ரமும் பெட்ரோல் ஹோஸ்களும்கூட இந்த எரிபொருளுக்காகச் செய்தவை அல்ல. மொத்தமாக ஒரு கிட் வாங்கி மாற்றிவிடுவது நல்லது. மாருதி 800-க்குக் கார்புரேட்டர் செய்துகொடுத்த யூகால், ஜப்பானின் மிக்குனி தொழில்நுட்பத்தோடு வளர்ந்த நம் சென்னைக் கம்பெனிதான். இந்த வட்டாரத்தில் பாகம் தேடுவது அவ்வளவு கஷ்டமாக இருக்காது.

நான்காவது, ஜெட்டேதான். ஆனால் உங்கள் முதல் மெக்கானிக் சொல்லும் காரணத்துக்காக அல்ல. அடைப்பை எடுக்கிறேன் என்று மெல்லிய கம்பியை விட்டுக் குத்திக் குத்தி, 28 வருடத்தில் எத்தனை கை அந்தப் பித்தளைத் துளையை அகலமாக்கியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? கழற்றி, அதில் பொறித்திருக்கும் எண்ணை எழுதிக்கொண்டு, அதே எண்ணில் புதியது போடச் சொல்லுங்கள். சுத்தம் செய்யக் காற்றடித்தால் போதும், கம்பி வேண்டாம்.

இதெல்லாம் முடிந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை வெளிறிய பழுப்பாக இருந்தால் நல்லது, கறுத்துப் பொடிபோலப் படிந்திருந்தால் இன்னும் ரிச், வெள்ளை வெளேரென்று இருந்தால் லீன். கண்ணை நம்பாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. மாசுச் சான்றிதழ் தரும் மையத்தில் இருப்பது கலவையைச் சொல்லும் கருவிதான், அதை நாம் சீட்டு வாங்க மட்டும் பயன்படுத்துகிறோம். உங்கள் வயது வண்டிக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை சட்டம் அனுமதிக்கிறது. 3-ஐத் தொட்டு பாஸ் ஆனால் மலையில் புகைதான். மெக்கானிக்கைக் கையோடு கூட்டிக்கொண்டு போய், ஒன்று ஒன்றரை சதவீதத்தில் நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். 1995 ஏப்ரல் முதல் சென்னையில் விற்ற புது பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயம். உங்களுடையதில் அது இன்னும் உயிரோடு இருந்தால் கருவி அளவைக் குறைத்துக் காட்டும், அப்போது பிளக் நிறத்தை நம்புங்கள். எரியாத பெட்ரோல் அதற்குள் போனால் அது பழுக்கக் காய்ந்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தாதீர்கள்.

ஊட்டியில் நின்ற இடத்தில் ஆஃப் ஆவதற்கு அங்கேயே செய்யக்கூடிய சின்ன வேலை போதும். ஐடிலில் திராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். அந்தச் சிறு இடைவெளியில் வரும் மெலிந்த காற்று எஞ்சினைச் சுழற்றப் போதாது. ஐடில் ஸ்பீடு ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றுங்கள். அதோடு கார்புரேட்டரின் அடிப்பகுதியில் இருக்கும் மிக்ஸர் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே திருப்புங்கள். இந்தக் கார்புரேட்டரில் உள்ளே திருப்பினால் பெட்ரோல் குறையும். பல பைக்குகளில் இருப்பது ஏர் ஸ்க்ரூ, அங்கே எல்லாம் தலைகீழ். வழியில் பைக் மெக்கானிக் கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுப்பதற்கு முன் இதைச் சொல்லிவிடுங்கள். தொடும் முன் ஸ்க்ரூவை மெதுவாக முழுதும் மூடி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவைத்தால் திரும்பி வந்ததும் அதே இடத்தில் வைக்கலாம். இந்த ஸ்க்ரூ ஐடிலையும் மெதுவான ஓட்டத்தையும் மட்டுமே ஆள்கிறது. அதனால் இதில் தவறு நடந்தாலும் எஞ்சினுக்குக் கேடில்லை.

மெயின் ஜெட் அப்படியில்லை. அதைக் குறைத்துவிட்டால் ஊட்டியில் இருக்கும் மூன்று நாளைவிட, போகும்போதும் வரும்போதும் வேலூர், கிருஷ்ணகிரி, சேலம் வழியாக 80, 90-இல் ஓட்டும் ஆயிரம் கிலோமீட்டரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். ஏற்கெனவே இ-20-ஆல் லீன், அதன்மேல் சின்ன ஜெட் என்றால் மே மாத வெயிலில் முழு லோடில் எஞ்சின் தட்டும், எக்ஸாஸ்ட் வால்வு எரியும், கெட்ட நேரமிருந்தால் பிஸ்டனில் ஓட்டை விழும். ரிச் பெட்ரோலைத் தின்னும், புகை தள்ளும், பிளக்கைக் கறுப்பாக்கும், அவ்வளவுதான். லீன் எஞ்சினையே தின்னும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் கரும்புகையைத்தான் தேர்ந்தெடுப்பேன். டைமிங்குக்கும் இதே பதில்: மெல்லிய காற்றில் இரண்டு டிகிரி ஏற்றினால் மேலே லேசாகப் பலன் தெரியும், கீழே வந்து இறக்க மறந்தால் தட்டும். ஏர் ஃபில்டரைக் கழற்றும் யோசனையைப் பற்றிப் பேசவே வேண்டாம். மலைப்பாதைப் புழுதி நேரே சிலிண்டருக்குள் போய் உப்புத்தாளாக வேலை செய்யும்.

மூன்றாவது, நடுவழியில் நின்றது. அதற்கும் கலவைக்கும் சம்பந்தமில்லை, வேப்பர் லாக். உங்கள் வண்டியில் பம்ப் எஞ்சினோடு ஒட்டியிருக்கிறது. பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி எடுக்கிறது. முதல் கியரில் ஊர்ந்து ஊர்ந்து ஏறும்போது பானெட்டுக்குள் அனல், காற்றோட்டம் இல்லை. உயரத்தில் அழுத்தம் குறைவதால் பெட்ரோல் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். பைப்புக்குள் குமிழி கட்டினால் பம்ப் ஆவியைத்தான் இழுக்கும். ஆறியதும் கிளம்பிவிடும். பத்மினி, அம்பாசடர் ஓட்டிய டிரைவர்கள் பம்ப் மேல் ஈரத்துணி போட்டு வைப்பார்களே, அது மூடப்பழக்கம் அல்ல, சரியான வைத்தியம். நின்றுவிட்டால் ஓரமாக ஒதுக்கி, பானெட்டைத் திறந்து, பம்ப்பையும் பைப்பையும் ஈரத்துணியால் குளிரவைத்து, பத்து நிமிடம் கழித்து முயலுங்கள். பேட்டரி சாகும்வரை செல்ஃப் அடிக்காதீர்கள். முன்கூட்டியே செய்ய வேண்டியவை: பெட்ரோல் பைப் எக்ஸாஸ்ட் பக்கம் சாய்ந்திருக்கிறதா, கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் வெப்பத்தடைப் பட்டை உடையாமல் இருக்கிறதா, ரேடியேட்டர் ஃபேன் சரியான சூட்டில் சுற்றுகிறதா. டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தாலும் இதே மாதிரி நிற்கும். மூடியைத் திறக்கும்போது ‘புஸ்’ என்று காற்றை இழுத்தால் அதுதான் குற்றவாளி.

மச்சானின் காருக்கு வருகிறேன். அதில் மேப் சென்சார் என்று ஒன்று காற்றழுத்தத்தை நொடிக்கு நொடி அளக்கிறது, எக்ஸாஸ்டில் ஆக்சிஜன் சென்சார் எரிந்த கலவையைச் சோதிக்கிறது, இ.சி.யு. அதற்கேற்ப இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்கிறது. சிவப்புக் குமிழை இழுக்கும் பைலட்டின் வேலையை அதுவே செய்துவிடும். 2016-இல் கார்புரேட்டரோடு வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பைக்கே அடுத்த ஆண்டு இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டது. ‘மலை ரீமேப்’ என்பது ஏற்கெனவே இருக்கும் ஒன்றை விலைக்கு விற்பது, வாரண்டியும் போகும். 2000-களின் தொடக்கத்தில் வந்த சில எம்.பி.எஃப்.ஐ. வண்டிகள் மட்டும் சாவி போடும் நொடியில் வெளிக்காற்றின் அழுத்தத்தைப் படித்து வைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் குன்னூரில் ஒரு டீ குடிக்கும் நேரம் அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் போதும்.

லடாக் வேறு கணக்கு. லே 3,500 மீட்டர், கர்துங் லா 5,359 மீட்டர். கர்துங் லாவில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 58 சதவீதம்தான். கலவை 30 சதவீதம் ரிச் ஆகும். இ-20-இன் சலுகையைக் கழித்தாலும் 20-க்கு மேல் நிற்கும், உங்கள் 37 குதிரையில் 20 மிஞ்சினால் பெரிது. அங்கே ஜெட் மாற்றத்தான் வேண்டும்: பெட்டியில் சின்ன ஜெட் ஒரு ஜோடி, மணாலியில் போடுவது, இறங்கியதும் மணாலியிலேயே கழற்றுவது. மெல்லிய காற்று ராணுவத்தையும் விடுவதில்லை. பூந்தமல்லிக்குப் பக்கத்தில், ஆவடியில் இருக்கும் போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம் எல் அண்ட் டி-யோடு சேர்ந்து வடிவமைத்த ஜொராவர் இலகு டாங்கி, 2024 டிசம்பரில் 4,200 மீட்டருக்கு மேல் கொண்டுபோய்ச் சோதிக்கப்பட்டது. 25 டன்தான் எடை. 40 டன்னுக்கு மேல் எடையுள்ள டாங்கிகள் அந்த உயரத்தில் படும் பாடுதான் அதற்குக் காரணம். குடும்பத்தோடு 800-இல் லடாக் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீங்களும் ஒரு நண்பரும் மட்டும் என்றால், போய் வாருங்கள்.

ஊட்டிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியர். போலீஸ் போர்டுகளும் அதைத்தான் சொல்கின்றன. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவதும் கூடவே கூடாது. பிரேக் பூஸ்டர் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொண்டுதான் உங்கள் காலுக்கு உதவுகிறது; மேலே அந்த அழுத்தம் குறைவு என்பதால் பிரேக் வழக்கத்தைவிடக் கடினமாக இருக்கும், எஞ்சின் அணைந்தால் அந்த உதவியும் இரண்டு மூன்று மிதிக்குமேல் வராது. ஜெட்டுக்கும் ரீமேப்புக்கும் எடுத்துவைத்த பணத்தில் புறப்படும் முன் பிரேக் ஆயிலையும் பேடுகளையும் மாற்றிவிடுங்கள்.